அம்மனைப் பானைக்குள்ள அடைக்க முடியுமா? ஒரு சீரியல் ரசிகனோட ஆதங்கம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, பிள்ளைங்களைத் தூங்க வச்சுட்டு, பொறுமையா படிங்க. பல மாசமா மனசுல வச்சிருந்த விஷயம். சொல்லாம இருந்தா எனக்கே நிம்மதி இல்லை.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு, பிரசாதம் கொடுத்து, பின்னால குழாயடியில பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். அந்த நேரத்துல என்ன பேச்சு ஓடும்னு தொண்டு செய்யறவங்களுக்குத் தெரியும். மீன் விலை, பந்திங் சாலை ஜாம், யார் வீட்டுக் கல்யாணம், இதெல்லாம்தான். ஆனா இப்ப கொஞ்ச நாளா ஒரே பேச்சு, சாமி சீரியல். "அந்த மந்திரவாதி அம்மனைப் பானைக்குள்ள அடைச்சுட்டான் பார்த்தீங்களாக்கா?" "ஆமா, இந்த வாரமாவது வெளிய வந்துருவாங்கன்னு பார்த்தேன், வரல." இப்படி ரெண்டு அக்கா பேசிக்கிட்டு இருந்தாங்க.

பக்கத்துல டம்ளர் அடுக்கிக்கிட்டு இருந்த பாப்பா ஒண்ணு, எட்டு வயசு இருக்கும், என்னைப் பார்த்துக் கேட்டுச்சு: "அங்கிள், நம்ம கோயில் அம்மனையும் யாராவது அப்படிப் பானைக்குள்ள அடைச்சுட முடியுமா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து படுத்தா தூக்கம் வரல. அந்தப் பிள்ளை விளையாட்டுக்குக் கேட்கல. நிஜமான பயத்தோட கேட்டுச்சு. கோயிலுக்கு வர்ற பிள்ளைக்கு நாம என்ன சொல்லிக் கொடுத்திருக்கோம், டிவி என்ன சொல்லிக் கொடுத்திருக்குன்னு யோசிச்சேன். அதுதான் இந்தப் பதிவு.

முதல்லயே சொல்லிடறேன். நான் சீரியலுக்கு எதிரி இல்லை. "டிவியைத் தூக்கி வெளியே போடுங்க"ன்னு பேசற ஆளும் இல்லை. அமானுஷ்யக் கதைன்னா எனக்கு உயிர். அதுக்குக் காரணம் ஒரே ஒரு தொடர். மர்மதேசம், விடாது கருப்பு.

உங்கள்ல நாற்பது தாண்டினவங்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே. பாலசந்தரோட மின்பிம்பங்கள் தயாரிப்பு. சேத்தன், தேவதர்ஷினி நடிச்சது. தமிழ்நாட்டுல 1997, 98ல சன் டிவியில வந்துச்சு. எங்க தோட்டத்துல அப்ப அந்த வசதியெல்லாம் கிடையாது. கிள்ளான்ல ஒரு வீடியோ கடையில கேசட் வாடகைக்கு எடுத்துட்டு வருவாங்க. ஒரு லயத்து வீட்டுல டிவி, பக்கத்து லயம் வரைக்கும் கூட்டம். நான் அப்ப மூணாம் பாரம் படிக்கிற பையன். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டாலே எங்க கூட்டம் சுருண்டு ஒண்ணாயிடும். படம் முடிஞ்சா வெளிய கக்கூசுக்குப் போக துணைக்கு ஆள் வேணும்.

ஒருநாள் நான் பயந்து அழுதப்ப எங்க அப்பா சொன்னது இன்னும் காதுல இருக்கு. பால் மரம் வெட்டின மனுஷன், அதிகம் பேச மாட்டாரு. "நீ யாரு பொருளையும் திருடல, யாரையும் ஏமாத்தல. அப்புறம் கருப்பரு எதுக்குடா உன்னைத் தொடறாரு? அவரு காவலுக்கு நிக்கறவரு. திருடனுக்குத்தான் காவக்காரனைப் பார்த்தா பயம் வரணும்." அவ்வளவுதான் சொன்னாரு. போய்ப் படுத்துத் தூங்கிட்டேன்.

போன பள்ளி விடுமுறையில என் ரெண்டு பசங்களோட அதே தொடரை யூடியூப்ல திரும்பப் பார்த்தேன். கவிதாலயா போட்டிருக்காங்க, காசு கட்ட வேண்டியதில்லை. முதல் நாள் பசங்க ஒரே கிண்டல். "என்னப்பா, படம் இவ்வளவு மங்கலா இருக்கு, கிராபிக்ஸே இல்லை, எல்லாரும் மெதுவா பேசறாங்க"ன்னு. மூணாவது ராத்திரி சத்தம் அடங்கிடுச்சு. நாலாவது ராத்திரி சின்னவன் நகர்ந்து என் பக்கத்துல வந்து ஒட்டிக்கிட்டான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம்.

இப்ப இந்த வயசுல பார்க்கிறப்பதான் சில விஷயம் புரிஞ்சுது. அந்தத் தொடர்ல சாமியை முகத்துக்கு நேரா காட்டி, மூணு தடவை கேமராவை ஆட்டி, இடி இடிச்சு வேடிக்கை பண்ணல. ராத்திரி, ஒத்தையடிப் பாதை, குதிரைச் சத்தம், அவ்வளவுதான். மிச்சத்தை நம்ம மனசுக்கு விட்டுட்டாங்க. அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த ஊர்ல கருப்பு தண்டிக்கிறாருன்னு சொன்னா, தப்பு பண்ணவனைத் தண்டிக்கிறாருன்னுதான் அர்த்தம். பயத்துக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. கடைசியில மனுஷ மனசைப் பத்தி, அது எப்படி ரெண்டாப் பிரியும்னு ஒரு விளக்கமும் வரும். யாரு என்னன்னு சொல்ல மாட்டேன், பார்க்காதவங்க பார்க்கட்டும். மனோதத்துவமும் பேசினாங்க, அதுக்காக ஊர் சாமியைக் கேலியும் பண்ணல. எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது. இந்திரா சௌந்தர்ராஜன் ஐயா 2024 நவம்பர் 10ஆம் தேதி மதுரையில காலமானாரு. அன்னிக்கு நம்ம வாட்ஸ்அப் குரூப்புல நான் போட்ட செய்திக்கு எத்தனை பேர் "அந்தக் கேசட் காலம்"னு பதில் போட்டீங்க, ஞாபகம் இருக்கா?

சரி, இப்ப வர்ற சீரியலுக்கு வர்றேன்.

2017 ஜனவரியில சன் டிவியில நந்தினி ஆரம்பிச்சப்ப நானும் உக்காந்து பார்த்தவன்தான். சுந்தர் சி கதை, பாம்பு, ராஜ பரம்பரை, பழிவாங்கல், பெரிய அரண்மனை. சினிமா மாதிரி செலவு பண்ணியிருந்தாங்க. இந்தியில 2015ல தொடங்கின நாகினியும் தமிழ்ல பேசிக்கிட்டு வந்துச்சு. அந்தக் காலத்துக்கு அப்புறம் சேனலுக்குச் சேனல் ஒரு பாம்பு, ஒரு அம்மன், ஒரு மந்திரவாதி. பார்க்கவும் நல்லாத்தான் இருக்கு. சமைச்சு முடிச்சுக் களைச்சுப் போய் உக்காந்திருக்கிற அம்மாவுக்கு அரை மணி நேரம் வேற உலகம். அதை நான் குறை சொல்லல.

என் குறை வேற. கணக்குப் போட்டுப் பாருங்க. சாமி சீரியல் வாரத்துக்கு அஞ்சு நாள்னு வச்சுக்குங்க. வில்லன் ஒரு தகட்டைப் புதைக்கிறான். எவ்வளவு நேரத்துல வேலை செய்யுது? ரெண்டே நிமிஷம். அதே எபிசோடுல கதாநாயகி மயக்கம் போட்டு விழுந்துடறா. இப்ப அம்மன் பக்கம் வாங்க. அம்மன் கட்டுல இருந்து விடுபட எவ்வளவு நாள்? ஆறு மாசம். வாரம் அஞ்சுன்னா 26 வாரத்துக்கு 130 எபிசோடு. 130 நாள் நம்ம அம்மன் கண்ணுல தண்ணி விட்டுக்கிட்டு நிக்கிறாங்க, மந்திரவாதி சிரிச்சுக்கிட்டே இருக்கான். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை வேப்பிலை பறக்குது, சூலம் சுத்துது, வில்லன் சாம்பல். திங்கக்கிழமை அவனோட தம்பி வந்துடறான்!

அம்மன் படம் பார்த்தவங்க நாம. சௌந்தர்யாவும் ரம்யா கிருஷ்ணனும் நடிச்ச படம், தெலுங்குல 1995ல வந்தது. அங்கேயும் கெட்டவன் ஆட்டம் போடுவான். ஆனா ரெண்டரை மணி நேரத்துல அம்மா வந்து கணக்கை முடிச்சுடுவாங்க. தியேட்டர்ல சாமி வந்து ஆடினவங்க இருக்காங்க. தினம் வர்ற சீரியல்ல அப்படி முடிக்க முடியாது. முடிச்சா வியாபாரம் முடிஞ்சுடும். அதனால சாமி தோத்துக்கிட்டே இருக்கணும், கெட்டது ஜெயிச்சுக்கிட்டே இருக்கணும். எழுதறவங்க கெட்டவங்கன்னு நான் சொல்லல. அந்தத் தொழிலோட அமைப்பு அப்படி. ஆனா வருஷக்கணக்கா தினமும் பார்க்கிற மனசுல என்ன பதியுது? செய்வினை உடனே பலிக்கும், சாமி லேட்டாத்தான் வரும். இதுதான் பதியுது. அந்தப் பாப்பா கேட்ட கேள்வி இங்கே இருந்துதான் வந்துச்சு.

இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம்னு நினைச்சீங்கன்னா, ரெண்டு சம்பவம் சொல்றேன். ரெண்டும் நம்ம கோயில்ல நடந்தது.

முதல் சம்பவம் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். சுத்தி எண்ணெய்ப்பனைத் தோட்டம் இருக்கிற ஊர் நம்ம ஊர். பனைக்காய் இருந்தா எலி இருக்கும், எலி இருந்தா பாம்பு வரும். ஒரு ஆடி வெள்ளியில மடப்பள்ளிக்குப் பின்னால கருநாகம் ஒண்ணு வந்து படம் எடுத்து நின்னுச்சு. நான் போனை எடுக்கிறதுக்குள்ள கூட்டம் கூடிடுச்சு. "கூப்பிடாதீங்க, வெள்ளிக்கிழமை வந்திருக்குன்னா அது சாதாரண பாம்பு இல்லை, நாகினி"ன்னு ஒருத்தர். "யாரையோ தேடி வந்திருக்கு"ன்னு இன்னொருத்தர். எல்லார் கையிலயும் போன், வீடியோ. ஒரு பையன், பதினேழு வயசு, கிண்ணத்துல பால் எடுத்துக்கிட்டு மூணு அடி தூரம் வரைக்கும் போயிட்டான்.

நம்ம நாட்டுக் கருநாகம் கடிக்க மட்டும் செய்யாது. கண்ணைக் குறி வச்சு விஷத்தைத் துப்பும். கண்ணுல பட்டு உடனே கழுவி வைத்தியம் பார்க்கலைன்னா பார்வைக்கே ஆபத்து. பாம்பு பால் குடிக்கிற பிராணியும் இல்லை, அது உடம்புக்குப் பால் ஒத்துக்காது. அந்தப் பையனோட சட்டையைப் பின்னாலிருந்து பிடிச்சு இழுத்தது நம்ம பண்டாரம் ஐயாதான். எழுபது வயசு. இழுத்துட்டுச் சொன்னாரு, "டேய், நாகத்தைக் கும்பிடறதுன்னா அது வழியில அதைப் போக விடறதுடா." 999 அடிச்சோம். பொதுத் தற்காப்புப் படையில இருந்து ரெண்டு மலாய்த் தம்பிங்க வந்து அடி படாமப் பிடிச்சு, சாக்குல போட்டுக் கொண்டுபோய்ட்டாங்க. கோயிலுக்குள்ள வர்றப்ப காலணியைக் கழட்டவான்னு கேட்டாங்க பாருங்க, அதை மறக்க மாட்டேன்.

நாகத்தைக் கும்பிடறது நமக்குப் புதுசு இல்லை. அரச மரத்தடி நாகர் கல்லுக்கு மஞ்சள் பூசினது நம்ம பாட்டிங்க. பிள்ளை வரம் கேட்டாங்க, மழை கேட்டாங்க. பாம்பு பொம்பளையா மாறி வந்து பழி வாங்கும்னு அந்தப் பாட்டிங்க பயந்துக்கிட்டுக் கும்பிடல.

ரெண்டாவது சம்பவம்தான் என்னைத் தூங்க விடாதது. இதைச் சம்பந்தப்பட்ட அக்காகிட்டக் கேட்டு, "எழுதுங்க தம்பி, இன்னொரு வீட்டுல நடக்கக் கூடாது"ன்னு அவங்க சொன்னதுக்கு அப்புறம்தான் எழுதறேன். பேரு வேண்டாம்.

அவங்க வீட்டுக்காரரு லாரி ஓட்டறவரு. ஐம்பது தாண்டினவரு, இனிப்பு நீர் இருக்கு. ஒரு வெள்ளிக்கிழமை அக்கா வாசல் கேட்டுக்கு வெளிய குங்குமம் தடவின எலுமிச்சம்பழம் ஒண்ணு கிடந்துச்சு. அந்த நேரத்துல அவங்க பார்த்துக்கிட்டிருந்த சீரியல்ல நாத்தனார்காரி அண்ணன் வீட்டு வாசல்ல பழம் வச்சு குடும்பத்தைக் கெடுக்கிற கதை ஓடிக்கிட்டு இருந்துச்சு. அவங்களுக்கும் நாத்தனாருக்கும் அப்பா வீட்டு நிலம் சம்பந்தமா சின்ன மனஸ்தாபம். அவ்வளவுதான், மனசுல ரெண்டும் சேர்ந்துக்கிச்சு.

ஞாயித்துக்கிழமை காலையில அவரு எந்திரிக்கறாரு, வாய் ஒரு பக்கம் கோணி இருக்கு. இடது கை தூக்க வரல. பேச்சு குழறுது. அக்கா அவரை நேரா எங்கே கூட்டிட்டு வந்தாங்க தெரியுமா? நம்ம கோயிலுக்கு.

அன்னிக்குக் கவுண்டர்ல உக்காந்திருந்தது நான்.

"தம்பி, என் நாத்தனா செஞ்சுட்டா தம்பி"ன்னு அழுதாங்க. நான் என்ன பண்ணேன்? அவரு நெத்தியில விபூதி வச்சேன். கையில மஞ்சள் கயிறு கட்டினேன். "பயப்படாதீங்கக்கா, அம்மா பார்த்துக்குவாங்க, சாயங்காலம் பூசாரி வருவாரு, வாங்க"ன்னு சொன்னேன். காலையில மணி ஒன்பது. ஒரு மணி நேரத்துக்கு முன்னாலதான் அவங்க அதைப் பார்த்திருந்தாங்க.

அதுக்கு அப்புறம் யாரோ சொல்லி வேற ஊர்ல ஒரு ஆளைப் பார்க்கப் போனாங்க. அந்த ஆளு 2,800 வெள்ளி கேட்டு, ரெண்டு ராத்திரி பூஜை போட்டு, "ரத்த சொந்தம்தான் செஞ்சிருக்கு"ன்னு சொல்லி அனுப்பினான். செவ்வாய்க்கிழமை காலையில அவரு குளியலறையில விழுந்துட்டாரு. கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்ப டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சது?" பக்கவாதம். மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கிச்சு. அடைப்பைக் கரைக்கிற ஊசி ஒண்ணு இருக்காம், ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணுமாம். அந்தப் ஞாயித்துக்கிழமை காலையில நான் கயிறு கட்டாம கார்ல ஏத்தியிருந்தா, நேரம் இருந்திருக்கலாம். ஊசி எல்லாருக்கும் ஒத்துவராது, போட்டிருந்தா முழுசா சரியாயிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாங்க. ஆனா அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுக்காதது நாங்கதான்.

அவரு இப்ப நடக்கறாரு. இடது கை வரல. லாரி ஓட்ட முடியாது. அக்கா காலையில நாசி லெமாக் கட்டி விக்கறாங்க.

அந்த எலுமிச்சம்பழக் கதையையும் கேட்டுடுங்க. ஒரு மாசம் கழிச்சு எதிர்வீட்டுப் பெரியவரு என்கிட்ட வந்து தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாரு. அவரு மகன் புது மைவி வாங்கி நம்ம கோயில்லதான் பூஜை போட்டாங்க. நாலு பழம் சக்கரத்துக்கு அடியில வச்சு ஏத்தினது போக, ஒரு பழத்துல குங்குமம் வச்சு "முன்னால வச்சுக்கப்பா"ன்னு நான்தான் கொடுத்தேன். வாடினதும் அந்தப் பையன் அதை எடுத்து வாய்க்கால் பக்கம் வீசியிருக்கான். அது உருண்டு எதிர்வீட்டு கேட்டுல போய் நின்னுருக்கு. அக்கா பார்த்து நடுங்கின செய்வினை, என் கையால கொடுத்த பழம்.

இப்ப சொல்லுங்க, தப்பு சீரியல் மேல மட்டுமா?

இதைச் சொன்னா சிலர் என்கிட்ட, "அண்ணே, அது பொழுதுபோக்கு, முன்னாலயே எழுத்துப் போடறாங்களே, யாவும் கற்பனைன்னு"ன்னு சொல்றாங்க. போடறாங்க. ரெண்டு வினாடி. எங்க அம்மாவுக்கு அதைப் படிக்கக் கண்ணாடி எடுத்து மாட்டறதுக்குள்ள போயிடுது. அப்புறம் 130 நாள் கதை ஓடுது.

இன்னொரு பேச்சும் இருக்கு, அதுல நியாயம் இருக்குன்னு ஒத்துக்கறேன். இந்த சீரியல்களைப் பார்த்துத்தான் எத்தனையோ இளம் பிள்ளைங்க ஆடி மாசம் கோயிலுக்கு வருதுங்க. கூழ் ஊத்தறப்ப வரிசையில நிக்கிற பொண்ணுங்க, "அங்கிள், இந்த அம்மனோட கதை என்ன"ன்னு கேட்குதுங்க. நாம மைக்கைப் பிடிச்சு ஒரு மணி நேரம் பேசியும் வராத கூட்டம் அது. அதை நான் மறுக்கல. வாசல் வரைக்கும் கூட்டிட்டு வர்றது சீரியல். வந்ததுக்கு அப்புறம் சொல்ல வேண்டியது நாம. நாம சொல்றோமா? கோயில்ல எதைக் கேட்டாலும் "அப்படிச் செய்யக் கூடாது, சாமி குத்தம்"னு ஒரு வரியில அடக்கிடறோம். அப்புறம் பிள்ளைங்க எங்கே போய்க் கத்துக்கும்? டிவியிலதான்.

கொஞ்சம் பின்னால போய்ப் பாருங்க. நம்ம தாத்தா பாட்டிங்க நாகப்பட்டினத்துல ரஜூலா மாதிரி கப்பல் ஏறி பினாங்குலயும் கிள்ளான் துறைமுகத்துலயும் வந்து இறங்கினவங்க. இந்தப் பக்கமெல்லாம் அப்ப காடு, சேத்து நிலம். மலேரியா, புலி, துரை, கங்காணி, இவ்வளவுக்கும் நடுவுல வாழ்ந்தாங்க. போன இடத்துல முதல்ல என்ன செஞ்சாங்க? ஒரு மரத்தடியில கல்லை நட்டு முனீஸ்வரர்னாங்க. ஒரு சூலத்தைக் குத்தி அம்மன்னாங்க. எல்லையில கருப்பரை நிறுத்தினாங்க. எதுக்கு? பயத்தை எங்கேயாவது இறக்கி வைக்கணும், அதுக்கு. கோயில் அவங்களுக்குப் பயத்தை இறக்கி வைக்கிற இடம். காலையில இருட்டுல பால் வெட்டப் போற பொம்பளை முனியாண்டி மரத்தைக் கடக்கறப்ப "தாத்தா, பார்த்துக்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவா. அவ்வளவுதான், அவளுக்கு அன்னிக்கு முழுக்கத் தைரியம். அந்தத் தாத்தாவையே பார்த்துப் பேரப்பிள்ளை இன்னிக்குப் பயப்படுதுன்னா, அதே கோயில்ல இருந்து பயத்தை வாங்கிட்டு வீட்டுக்குப் போகுதுன்னா, நாம எங்கேயோ தவற விட்டிருக்கோம்.

அதனால சில விஷயம் கேட்டுக்கறேன். உத்தரவு இல்லை, வேண்டுகோள்.

சீரியல் பாருங்க. ஆனா பிள்ளைங்களைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டே பாருங்க. "இது கிராபிக்ஸ், இது கதை, நம்ம அம்மா இப்படி இல்லை"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முடிஞ்சா ஒருநாள் விடாது கருப்பு போட்டுக் காட்டுங்க. நல்ல பயம்னா என்னன்னு தெரியட்டும்.

வீட்டுல யாருக்காவது வாய் கோணினா, கை கால் இழுத்தா, பேச்சு குழறினா, கோயிலுக்கு வராதீங்க. திட்டிக்கிட்டாவது சொல்றேன், வராதீங்க. 999 அடிங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. நம்ம அம்மன் கோவிச்சுக்க மாட்டாங்க. ஆள் ஆஸ்பத்திரியில இருக்கறப்ப நீங்க வாங்க, பேர் நட்சத்திரம் சொல்லுங்க, நாங்க அர்ச்சனை பண்றோம்.

பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்கல, தனியா பேசுது, அறையை விட்டு வெளிய வரல, சாகணும்னு சொல்லுதுன்னா, "காத்து கருப்பு"ன்னு முடிவு பண்ணி அடிக்கிற ஆளுங்ககிட்டக் கூட்டிட்டுப் போகாதீங்க. அரசாங்க கிளினிக்குலயே மனநலத்துக்குப் பார்க்கறாங்க. சுகாதார அமைச்சோட ஹீல் உதவி எண் 15555. விபூதியும் வச்சுக்கலாம், மாத்திரையும் சாப்பிடலாம். ரெண்டும் சண்டை போட்டுக்காது.

வாசல்ல எலுமிச்சம்பழம் கிடந்தா எடுத்துக் குப்பையில போடுங்க, கையைக் கழுவுங்க. யாரு வச்சிருப்பான்னு யோசிக்காதீங்க. அந்த யோசனைதான் செய்வினை. பழத்தால குடும்பம் பிரிஞ்சதா நான் பார்க்கல. யோசனையால பிரிஞ்சதைப் பார்த்துட்டேன்.

நாங்களும் மாறணும். இனிமே வண்டி பூஜைக்குப் பழம் கொடுத்தா, வாடினதும் என்ன பண்ணணும்னு சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்புவோம். கவுண்டர்ல உக்கார்ற தொண்டர்கள் எல்லாரும் பக்கவாத அறிகுறி என்னன்னு தெரிஞ்சு வச்சுக்கணும்னு கூட்டத்துல பேசி முடிவு பண்ணியிருக்கோம். முதலுதவி தெரிஞ்ச ஒரு அண்ணன் வந்து சொல்லிக் கொடுக்க ஒத்துக்கிட்டிருக்காரு.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அந்த நாத்தனார், அவங்க எங்களுக்கும் தெரிஞ்சவங்கதான். பழம் எங்கே இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சதும் அக்கா போய்க் கதவைத் தட்டியிருக்காங்க. திறக்கல. நியாயம்தானே? கூடப்பொறந்த அண்ணனை முடமாக்கினான்னு சொந்தக்காரங்க அத்தனை பேர்கிட்டயும் பேர் கெட்டுப் போச்சு. ஆனா வெள்ளிக்கிழமை மட்டும் அவங்க கோயிலுக்கு வர்றதை நிறுத்தல. கடைசியில தூண் ஓரமா நின்னு கும்பிட்டுட்டு, தீபாராதனை காட்டறதுக்கு முன்னால போயிடறாங்க, யாரு கண்ணுலயும் படக் கூடாதுன்னு.

அம்மா, இந்தப் பதிவை நீங்க படிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு உங்க அண்ணி "நாத்தனா செஞ்சுட்டா"ன்னு அழுதப்ப, "அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா, அது யாராலயும் செய்ய முடியாது"ன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சாமி முன்னால உக்காந்துக்கிட்டு நான் சும்மா தலையாட்டினேன். நான் தலையாட்டினதாலதான் அது கோயிலே சொன்ன மாதிரி ஆயிடுச்சு. மன்னிச்சுக்குங்க. இந்த வெள்ளிக்கிழமை தீபாராதனை முடியற வரைக்கும் இருங்க. பிரசாதம் வாங்கிட்டுப் போங்க. நான் உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்.

அந்தப் பாப்பாவுக்கும் பதில் சொல்லிட்டேன். அடுத்த நாளே கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னேன். "பாப்பா, பானையைச் செஞ்சது மண்ணு. அந்த மண்ணே அம்மாதான். அம்மாவை அம்மாவுக்குள்ள எப்படி அடைக்கிறது?" கொஞ்ச நேரம் யோசிச்சுச்சு. "அப்ப அந்த மந்திரவாதிக்கு அது தெரியாதா அங்கிள்?"னு கேட்டுச்சு. தெரியாது பாப்பா. அதனாலதான் அவன் வில்லன்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலை 7.30க்கு கோத்தோங் ரோயோங். கருப்பர் சந்நிதிக்குப் பெயிண்ட் அடிக்கிறோம், பின்னால புல் வெட்டறோம். பூட்ஸ் போட்டுட்டு வாங்க, பாம்பு இருக்கும். பசியாற இட்லியும் சாம்பாரும் உண்டு. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க, கருப்பர் குதிரைக்கு வெள்ளை அடிக்கிற வேலை அவங்களுக்குத்தான். கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தா பயம் போயிடும்.

மாற்றுக் கருத்து இருந்தா கீழே எழுதுங்க, சண்டை வேண்டாம், பேசுவோம். விடாது கருப்பு பார்த்தவங்க உங்களுக்குப் பிடிச்ச காட்சியையும் எழுதுங்க. ஆனா முடிவைச் சொல்லிடாதீங்க. என் சின்னவன் இன்னும் பார்த்து முடிக்கல.

எல்லாருக்கும் அம்மன் துணை இருக்கட்டும் 🙏